மருந்துக்கடைச் சுவரில் இருப்பவர் யார்? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் மாத்திரைகளை வெயில் படாமல், ஈரம் படாமல் வைத்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தேன். கடைசியில், போகிற போக்கில், ‘கடையில் மருந்தாளுநர் இருக்கிறாரா என்று கேட்டு வாங்குங்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அரசு மருத்துவமனை மருந்தகங்களில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயம் என்பதால் இந்த இதழை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயரைப் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

“அக்கா, எங்கள் தெருமுனை மெடிக்கலில் எப்போது போனாலும் இரண்டு பையன்கள்தான் மருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். சுவரில் ஒருவருடைய போட்டோவோடு சர்டிஃபிகேட் தொங்குகிறது. அந்த மனிதரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் நிஜமாகவே பதிவு பெற்றவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் சண்டைக்கு வருவார்களோ?”
– வாசகி, அருப்புக்கோட்டை

சண்டைக்கு வந்தால் வரட்டும் தங்கச்சி, கேளுங்கள். முதலில் சுவரில் என்னென்ன தொங்குகிறது என்று பார்த்துவிடுவோம். பொதுவாக இரண்டு வகைக் காகிதம் இருக்கும். ஒன்று கடைக்கான லைசென்ஸ். படிவம் 20, 21 என்று எண் போட்டிருக்கும். அதைக் கொடுப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. கடையில் பொதுமக்கள் வந்துபோகிற பகுதியில், கண்ணில் படுகிற இடத்தில் அதை மாட்டி வைக்க வேண்டும் என்பது லைசென்ஸிலேயே உள்ள நிபந்தனை. இன்னொன்று நீங்கள் சொல்கிற போட்டோ உள்ள சான்றிதழ். அது ஆளுக்கானது, கடைக்கானது அல்ல. அதைக் கொடுப்பது மாநில பார்மசி கவுன்சில். இந்த இரண்டு அலுவலகங்களையும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் தவறான முகவரிக்கு எழுதிவிட்டுப் பதில் வராமல் காத்திருக்கிறார்கள்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2011-இல், ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவின் பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. கடையின் பெயரும் ஊரின் பெயரும் இங்கே வேண்டாம். சீட்டை நீட்டினேன். அம்லோடிபின் 5 மில்லிகிராம். கடைப் பையன் உள்ளே போய் ஓர் அட்டையைக் கொண்டுவந்து கத்தரிக்கோலால் பத்து மாத்திரை வெட்டப் போனான். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற மருந்து. கிறுக்கல் எழுத்தில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து எடுத்திருக்கிறான். எழுபது வயதுக்காரி அதைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் தலைசுற்றி விழுவாள், இடுப்பு எலும்பு போய்விடும். “பார்மசிஸ்ட் எங்கே தம்பி?” என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர், “டீ குடிக்கப் போயிருக்கார்மா, இப்ப வந்துருவார்” என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். ஹார்லிக்ஸ் டப்பாக்களுக்குப் பின்னால் பாதி மறைந்து அந்தச் சட்டகம். கண்ணாடிக்குள் ஈரம் ஏறி ஓரம் பழுத்திருந்தது. இடது வகிடு எடுத்துச் சீவிய ஒரு முகம். டிப்ளமோவில் எனக்கு இரண்டு வருடம் இளையவன். அவன் இறந்து, துக்கத்துக்கு நான் போய்வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கை நடுங்கியது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அன்று ராத்திரியே கடிதம் எழுதினேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. போன் செய்தால், “தபால் கிடைச்சிருக்கு மேடம்” என்பதோடு சரி. அந்தப் பகுதியில் எந்தக் கடையில் எந்த மருந்தாளுநர் என்று ஒரு பட்டியல் பொதுவில் இருந்திருந்தால், அவனைத் தெரிந்த யாராவது ஒருவர் என்னைவிட முன்பே பார்த்துச் சொல்லியிருப்பார். அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் விடவில்லை.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பார்மசி சட்டம் 1948-ஆம் ஆண்டுச் சட்டம். மாநிலத்தில் பதிவு பெற்ற ஒவ்வொரு மருந்தாளுநரின் முழுப் பெயர், வீட்டு முகவரி, முதன்முதலில் பதிவான தேதி, படிப்பு, தொழில் செய்யும் முகவரி, யாரிடமாவது வேலை பார்த்தால் அந்த முதலாளியின் பெயர் இத்தனையும் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்கிறது அதன் 29-வது பிரிவு. முதலாளியின் பெயர் உட்பட! அதோடு 40-வது பிரிவைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1-ஆம் தேதி பதிவேடு எப்படி இருக்கிறதோ, அதை அப்படியே பதிவாளர் அச்சிட வேண்டும். கேட்டு விண்ணப்பிக்கிறவர்களுக்கு, விதித்த கட்டணத்துக்கு, பிரதி கொடுக்க வேண்டும். அந்த அச்சுப் பிரதியில் பெயர் இருந்தால், அந்தத் தேதியில் அவர் பதிவு பெற்றவர் என்பதற்கு அதுவே சாட்சியம்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம் வருவதற்கு 57 வருடம் முன்பே எழுதி வைத்த கடமை இது. பதிவேட்டைக் கேட்டு விண்ணப்பிக்கிறவர் யாராக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எந்த நிபந்தனையும் இல்லை. டாக்டராகவோ மருந்தாளுநராகவோ இருக்க வேண்டியதில்லை. அருப்புக்கோட்டையில் இருக்கிற நீங்களும் கேட்கலாம். அச்சுப் புத்தகம் என்று சட்டம் சொன்னது அந்தக் காலத்து வழி; இன்றைக்கு அதே கடமையைச் செய்ய நினைத்தால், பதிவு எண்ணைப் போனில் தட்டியதும் பெயரும் செல்லுபடியாகும் தேதியும் வருகிற மாதிரி வைப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

சரி, நாளைக்குக் கடைக்குப் போனதும் என்ன செய்வது? சான்றிதழில் உள்ள பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். புதுப்பித்த தேதி எதுவரை என்று பாருங்கள். பிறகு, அந்தப் பையனிடம் இல்லை, கல்லாவில் இருப்பவரிடம், “இவர் எத்தனை மணிக்கு இருப்பார்?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடிப் பார்வையில்தான் நடக்க வேண்டும் என்று மருந்து விதிகளின் 65-வது விதி சொல்கிறது. நேரடிப் பார்வை என்றால் போட்டோவின் பார்வை இல்லை.

“ஓய்வு பெற்ற ஆசிரியன் நான், வயது 71. எங்கள் நகரிலுள்ள மருந்துக்கடைகள், அவற்றில் பணியாற்றும் பதிவு பெற்ற மருந்தாளுநர்களின் பெயர், பதிவு எண் ஆகியவற்றைக் கேட்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்தேன். ‘இது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், தர இயலாது’ என்று இரண்டு வரியில் பதில் வந்து பன்னிரண்டு நாளாகிறது. இது சரிதானா? இதோடு விட்டுவிடுவதா?”
– வாசகர், காரைக்குடி

விடாதீர்கள் ஐயா. பதில் கைக்கு வந்ததிலிருந்து முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். நீங்கள் கடிதம் எழுதிய நாளிலிருந்து பதினெட்டு நாள்தான் இருக்கிறது, இந்த இதழ் கையில் கிடைத்த அன்றே எழுதிவிடுங்கள்.

பாராளுமன்றம் போட்ட சட்டத்தால் உருவான எந்த அமைப்பும் தகவல் சட்டத்தின்படி பொது அதிகார அமைப்புதான். மாநில பார்மசி கவுன்சில் அப்படி உருவானது. ‘நாங்கள் அரசுத் துறை இல்லை, தன்னாட்சி அமைப்பு’ என்று யாராவது சொன்னால் அந்த வாதம் நிற்காது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பற்றிச் சொல்லவே வேண்டாம், அது நேரடியாக அரசுத் துறை.

அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவில் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவை என்று 17 தலைப்புகள் உள்ளன. 13-வது தலைப்பு, அந்த அலுவலகம் வழங்கிய அனுமதிகளும் உரிமங்களும் யாருக்கு என்ற விவரம். மருந்துக்கடை லைசென்ஸ் என்பது அதுதானே? சட்டம் வந்த 120 நாளுக்குள் போட்டிருக்க வேண்டிய பட்டியல் அது; 2005-லிருந்து எத்தனை வருடம் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் கேட்டிருப்பதில் பாதி, கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் உங்கள் முன்னால் இருந்திருக்க வேண்டும்.

‘தனிப்பட்ட தகவல்’ என்ற பதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனிமேல் இந்தப் பதில் அதிகமாக வரும். தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவு இது. முன்பு அதில், பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம் என்று இருந்தது. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தகுதி வார்த்தைகளை வெட்டிவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் உங்கள் விஷயத்தில் அதுவும் அவர்களுக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது என் வாதம். எப்படி என்றால், அதே 2023 சட்டத்தின் 3-வது பிரிவு, வேறொரு சட்டத்தின்படி பொதுவில் வைத்தே ஆக வேண்டிய கடமைக்கு உட்பட்டு அப்படி வெளியிடப்பட்ட தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. பார்மசி சட்டத்தின் 40-வது பிரிவு அந்தக் கடமையைத்தான் பதிவாளர் மேல் வைத்திருக்கிறது. அதற்கும் மேல், தகவல் சட்டத்தின் 8(2) இன்னும் அப்படியே இருக்கிறது: வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிது என்றால், விலக்கு உள்ள தகவலையும் கொடுக்கலாம்.

‘மூன்றாம் நபர்’ என்ற சொல்லும் அப்படித்தான். 11-வது பிரிவு, மூன்றாம் நபர் இரகசியம் என்று கருதிக் கொடுத்த தகவலாக இருந்தால் அவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. அது ஒரு நடைமுறை. மறுப்பதற்கான காரணம் இல்லை. நோட்டீஸே கொடுக்காமல் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துப் போட்டிருந்தால் மேல்முறையீட்டில் அதையும் குறிப்பிடுங்கள்.

மேல்முறையீட்டை நீளமாக எழுத வேண்டாம். ஒரு முழுத் தாளில், உங்கள் எழுத்தில், தமிழிலேயே போதும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘தங்கள் பொதுத் தகவல் அலுவலர் இன்ன தேதியிட்ட கடிதத்தில் மறுத்திருக்கும் தகவல், பார்மசி சட்டம் 1948, பிரிவு 40-இன்படி விண்ணப்பிக்கும் எவருக்கும் பிரதியாகத் தரப்பட வேண்டிய பதிவேட்டில் உள்ளது. நான் வீட்டு முகவரியோ, தொலைபேசி எண்ணோ, ஊதியமோ கேட்கவில்லை. பெயர், பதிவு எண், பணிபுரியும் கடை ஆகியவை மட்டும் போதும். அவற்றை வழங்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’

வீட்டு முகவரி வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுவது முக்கியம் ஐயா. பதிவேட்டில் அது இருக்கிறது என்பதற்காக ஊரெல்லாம் பரப்ப வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கடையடைத்துவிட்டுத் தனியாக ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகிற பெண் மருந்தாளுநர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அவர் தகுதி பெற்றவரா, எங்கே வேலை செய்கிறார் என்பதுதான்.

கவுன்சிலுக்கு ஒன்று, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கேளுங்கள். ஆட்களின் பட்டியல் ஓரிடத்தில், கடைகளின் பட்டியல் இன்னோரிடத்தில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரே மருந்தாளுநரின் பெயர் மூன்று ஊரில் மூன்று கடையில் இருப்பது தெரியும். தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டாலும் கவலைப்படாதீர்கள். ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அனுப்பி வைப்பது அவர்கள் பொறுப்பு. விண்ணப்பக் கட்டணம் நம் மாநிலத்தில் பத்து ரூபாய். ஸ்டாம்ப் வெண்டரிடம் கோர்ட் ஃபீ வில்லை வாங்கி ஒட்டினால் போதும். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் பிரதிக் கட்டணம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. முதல் மேல்முறையீட்டிலும் சரியாக வராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தியா முழுமைக்கும் தகவல் சட்டம் 2005-இல் வருவதற்கு எட்டு வருடம் முன்பே, 1997-இல், தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வாத்தியார் இரண்டு வரி மறுப்போடு திரும்பி வரக் கூடாது.

“மேடம், டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) முடித்துப் பதிவு செய்துவிட்டேன். ஒரு கடை ஓனர், ‘நீ வர வேண்டாம், சர்டிஃபிகேட்டை மட்டும் கொடு, மாதாமாதம் பணம் போட்டுவிடுகிறேன்’ என்கிறார். வீட்டில் கஷ்டம். நண்பர்கள் பலர் இப்படித்தான் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறார்கள். தப்பா?”
– வாசகர், பெரம்பலூர்

தப்புதான் தம்பி. கேட்டு எழுதினாயே, அதுவே எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

உன் சட்டகம் தொங்குகிற கடையில் ஒரு குழந்தைக்கு டோஸ் மாறிப் போனால், ‘நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை’ என்பது உன்னைக் காப்பாற்றாது. அதுதான் குற்றமே. பார்மசி சட்டத்தின் 36-வது பிரிவு, தொழில் ஒழுக்கம் தவறியவரின் பெயரை, அவர் தரப்பைக் கேட்டுவிட்டு, பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்கிறது. நீக்கப்பட்டவர் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நீக்கப்பட்ட பெயர் அரசிதழில் அச்சாகும். நீ படித்த படிப்பு உனக்குக் கொடுத்த ஒரே சொத்து உன் பெயர்தான். அந்தப் பெயர் அரசிதழில் ஒரே ஒரு முறைதான் வரும் என்றாலும், வேண்டாம்.

டிப்ளமோவில் எனக்கு இளையவனான அந்தப் பையனை மேலே சொன்னேனே, அவனும் உயிரோடு இருந்தபோது இப்படித்தான் கொடுத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது. மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக. அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவன் போன பிறகும் அவன் முகத்தைச் சுவரில் வைத்து மாத்திரை விற்றவர்களைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஓனரிடம் போய், “நான் கடைக்கு வருகிறேன், நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள்” என்று சொல். வெள்ளைக் கோட்டும், பெயரும் பதிவு எண்ணும் உள்ள பேட்ஜும் போட்டுக்கொண்டுதான் மருந்தாளுநர் நிற்க வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு மருந்தக நடைமுறை விதிகள் சொல்கின்றன. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நில். இரண்டு மாதத்தில் சனங்கள் டாக்டரிடம் கேட்கத் தயங்கியதை உன்னிடம் கேட்பார்கள், பாரேன். அரசு மருத்துவமனைக் கவுன்ட்டரில் எனக்கு அப்படித்தான் நடந்தது. ‘இந்தச் சின்ன மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா’ என்று கேட்க வந்த ஒரு பாட்டி, பத்து வருடம் எனக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள்.

சட்டத்தில் உனக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது. பதிவு கேட்டு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டால் மூன்று மாதத்துக்குள் கவுன்சிலிடமே மேல்முறையீடு செய்யலாம். பாதிக்கப்படுகிறவருக்கு முடிவின் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது தகவல் சட்டத்தின் 4(1)(டி). ஆகவே உன் நண்பர்கள் யாருடைய விண்ணப்பமாவது ‘பெண்டிங்’ என்ற ஒரே சொல்லில் நிற்கிறது என்றால், எந்த ஆவணம் குறைகிறது, யார் மேசையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கச் சொல்.

“நான் மெடிக்கல் வைத்திருக்கிறேன். முழுநேர பார்மசிஸ்டுக்குச் சம்பளம் கொடுக்கிறேன். நீங்கள் இப்படி எழுதுவதால் வருகிற கஸ்டமர் எல்லாம் எங்களைத் திருடர் மாதிரி பார்க்கிறார்கள். இது நியாயமா?”
– வாசகர், திருச்செங்கோடு

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பட்டியல் பொதுவில் இல்லாததால் நட்டப்படுவதே உங்களைப் போன்றவர்தான். நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள், பக்கத்துக் கடைக்காரர் சட்டகத்துக்கு வாடகை கொடுக்கிறார், அந்த மிச்சத்தில் அவர் இருபது சதவீதம் தள்ளுபடி போர்டு வைக்கிறார். வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரிய வேறு என்ன வழி? உங்கள் மருந்தாளுநரின் பெயரையும் அவர் இருக்கும் நேரத்தையும் கல்லாவுக்கு மேலே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வையுங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. மருந்தாளுநர் இல்லாத எல்லாக் கடையும் சட்டவிரோதமானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். படிவம் 20-ஏ, 21-ஏ என்று கட்டுப்படுத்தப்பட்ட லைசென்ஸ் உண்டு. மருந்தாளுநர் தேவைப்படாத சில சாதாரண மருந்துகளை மட்டும் விற்க அனுமதி. கிராமத்து மளிகைக் கடையில் தலைவலி மாத்திரை விற்பதற்கு அப்படி லைசென்ஸ் இருக்கலாம். எந்தக் கடைக்கு எந்த வகை லைசென்ஸ் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் நாம் ஒருவரை அநியாயமாகச் சந்தேகப்படாமல் இருக்க முடியும்.

“அரசு இணையதளங்களில் இந்த மாதிரி விவரங்கள் இருந்தாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. தமிழில் கேட்க முடியுமா?”
– வாசகி, சங்கரன்கோவில்

முடியும். தானாக வெளியிடும் தகவலை அந்தப் பகுதியின் மொழியைக் கருத்தில் கொண்டு வெளியிட வேண்டும் என்பது தகவல் சட்டத்தின் 4(4). புகார் செய்வது எப்படி என்ற ஒரு பக்கமாவது தமிழில் இல்லாத அலுவலகத்துக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். நானும் போடுகிறேன்.

“என் பையனுக்கு மூன்று வயது. இருமல் மருந்து விஷமாகிக் குழந்தைகள் இறந்த செய்தி படித்ததிலிருந்து, அலமாரியில் இருக்கும் பாட்டிலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. எந்த மருந்து தடை செய்யப்பட்டது என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்?”
– வாசகி, ஓசூர்

நீங்கள் சொல்வது 2025 அக்டோபர் செய்தி. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துச் சோதித்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலின் கிளைகால் என்ற விஷ ரசாயனம் இருந்தது. இருக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிற அளவே 0.1 சதவீதம். அந்த நிறுவனத்தின் லைசென்ஸ் அதே மாதத்தில் ரத்தானது. அந்தச் சோதனை முடிவு சீக்கிரம் வந்தது, வெளியிலும் சொல்லப்பட்டது. அது சரியாக நடந்தது. அதே நிறுவனத்தில் அதற்கு முந்தைய வருடங்களில் ஆய்வு நடந்ததா, நடந்திருந்தால் என்ன எழுதப்பட்டது என்பதையும் பெற்றோர் படிக்க முடிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் பையன் விஷயத்தில் முதல் பதில் மருந்தைப் பற்றியது. குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது. பாட்டில் லேபிளில் பொடி எழுத்தில் இந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இருந்தால் பையனுக்கு வேண்டாம், டாக்டரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

இரண்டாவது, தரமற்றவை என்று சோதனையில் தெரியவந்த மருந்துகளின் பட்டியலை அதே மத்திய அமைப்பு மாதாமாதம் வெளியிடுகிறது. மருந்தின் பெயர், பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்), தயாரிப்பாளர், என்ன குறை என்று இருக்கும். ஒரு மருந்தே மொத்தமாகத் தவறு என்பது அபூர்வம். பெரும்பாலும் ஒரு பேட்ச்தான் தவறாக இருக்கும். அதனால் பேட்ச் எண்ணைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். நல்ல மருந்தாளுநராக இருந்தால் இந்தப் பட்டியலை அவர் பார்த்திருக்க வேண்டும். “இந்த மாதப் பட்டியலில் இது இருக்கிறதா அண்ணா?” என்று அவரிடமே கேட்கலாம்.

மூன்றாவதாக ஒன்று, வெகு பேருக்குத் தெரியாதது. மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டம் 1940-இன் 26-வது பிரிவின்படி, கடையில் காசு கொடுத்து வாங்கிய மருந்தை, விதித்த கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. அவர் கையெழுத்திட்ட அறிக்கை உங்கள் கைக்கே வரும். அதற்குப் பில் வேண்டும். பில்லில் பேட்ச் எண் இருக்க வேண்டும். அலமாரியில் இருக்கிற பாட்டிலைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள் அம்மா. மூடியை இறுக்கி, அட்டைப் பெட்டியோடும் பில்லோடும் ஒரு கவரில் போட்டு, பையன் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பேட்ச் எண்ணை எனக்கும் எழுதி அனுப்புங்கள், பட்டியலில் நானும் பார்த்துச் சொல்கிறேன்.